முட்டி மாஸ்டரும் லாண்டரிக்காரனும்

"இப்ப அவன் படியேறுறான்" என்கிறார், என் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கியபடி. "கையில மடிச்ச துணிக் கட்டு. மேல் வீட்டுல பியானோ சத்தம். ஒரு படி... ரெண்டு படி... மூச்சை விடுங்க, அடக்காதீங்க... மூணாவது படியில நின்னுட்டான்." என் தோள்பட்டைக்குள் ஏதோ 'மளுக்' என்கிறது. "ஏன் நின்னான்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் என் கை காதைத் தாண்டி மேலே போய்விட்டது. போன வாரம் வரை அது தாடைக்கு மேல் எழும்ப மறுத்த கை. "பாத்தீங்களா, உங்களுக்கே தெரியாம போயிடுச்சு. அவன் ஏன் நின்னான்னு வியாழக்கிழமை வாங்க, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார் முட்டி மாஸ்டர்.

ஆஸ்பத்திரிக் கதவில் அவருடைய பெயரும் படிப்பும் எழுதிய பலகை ஒன்று உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. முழங்கால் அறுவை முடிந்து வருகிறவர்களே அதிகம் என்பதால் அவர் முட்டி மாஸ்டர். என்னைப் போல எழுதி எழுதித் தோள் இறுகிப்போனவர்களுக்கும் அவர் முட்டி மாஸ்டர்தான். "டாக்டர்" என்று கூப்பிட்டால் மட்டும் கையை ஆட்டி மறுப்பார். "டாக்டர் மாடியில இருக்கார். அவர் வலியைக் குறைச்சு அனுப்புவார். நான் திரும்ப ஏத்தி அனுப்புவேன்."

அவருடைய ராஜ்ஜியம் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே இருக்கிற நீளமான கூடம். பிடித்து நடக்க இரண்டு இணைக் கம்பிகள், எங்கும் போகாத ஒரு சைக்கிள், சுவரில் ஓர் ஏணி, ஆள் உட்காரக்கூடிய நீலப் பந்து, ஒரு முழுச் சுவருக்குக் கண்ணாடி. தைல வாசனை கதவைத் திறந்ததும் வந்து கட்டிக்கொள்ளும். மாஸ்டருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஆள் அலமாரி மாதிரி இருப்பார். முறம் போல உள்ளங்கை; ஆனால் அந்தக் கை நம்மேல் படும்போது கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பதம். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். வராந்தாவில் வருகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்தே, "இடது கால். நேத்து வீட்டுல ஒண்ணும் செய்யல, ஆனா செஞ்சேன்னு சொல்லப் போறார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். வந்தவரும் அப்படியே சொல்வார்.

இவ்வளவும் வேறு ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கலாம். கிடைக்காதது அந்தப் படியேறுகிற ஆள்.

அவன் ஒரு லாண்டரிக்காரன். ஜப்பானியப் படக்கதைத் தொடர் ஒன்றின் நாயகன். மங்கா என்பார்களே, நம் புத்தகத்தின் பின்னட்டையில் தொடங்கி முன்னட்டையில் முடியுமே, அது. மூலப் பெயரை மாஸ்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக உச்சரிப்பார் என்பதால், தாமே ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறார்: 'நீராவியும் சுருதியும்.' எந்நேரமும் மழை பெய்கிற ஓர் ஊர். கீழ்வீட்டில் அப்பாவும் மகனுமாக நடத்துகிற லாண்டரி. மகன் சட்டைகளோடு பேசுவான்; மனிதர்களோடு பேச நா எழாது. மேல்வீட்டுக்கு ஒருத்தி குடிவருகிறாள். வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். ஒருநாள் பட்டன் அறுந்த கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறாள். அவன் பட்டனைத் தைத்துக் கொடுக்கிறான். இதற்கே ஒரு புத்தகம் முடிந்துவிடும்.

"என்ன மாஸ்டர், மூணு புஸ்தகம் போச்சு, இன்னும் பேரே கேக்கலையா? நாங்கல்லாம் மூணு ஸ்டாப்புல கேட்டுருவோம்" என்பார் டிரைவர் அண்ணன். பஸ் ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்து, புது மூட்டு வைத்துக்கொண்டவர். கூடத்திலேயே அதிகம் பேசுகிறவர்.

"அண்ணே, இது பஸ் வேகத்துல போற கதை இல்ல. இஸ்திரி வேகம். அவசரப்பட்டா கருகிடும். நீங்க மிதிங்க."

டிரைவர் மிதிப்பார். கதையும் நகரும்.

இந்தப் பைத்தியம் பிடித்த விதத்தை அவரே சொன்னார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் கடும் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவளுக்காகப் போட்ட அனிமே, அதாவது அந்த மங்காவைப் படமாக எடுத்த தொடர், ஓடிக்கொண்டிருந்தது. முதல் அத்தியாயத்திலேயே மகள் தூங்கிவிட்டாள். "அணைச்சிருக்கலாம். அந்தப் பொண்ணு பியானோவைத் திறந்து ஒரே ஒரு கட்டையைத் தட்டினா. கீழ இவனோட இஸ்திரிப் பெட்டி 'ஸ்ஸ்ஸ்'ன்னுது. ரெண்டும் ஒரே சுருதி. எனக்கு முடியெல்லாம் நின்னுடுச்சு. புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சு, எனக்கு ஏறிடுச்சு." மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "அப்பா, நீங்க இன்னும் அதுலயேவா இருக்கீங்க?" என்று போனில் கேட்கிறாள்.

பன்னிரண்டு அத்தியாயங்களோடு அந்தத் தொடர் நின்றுபோனது. புத்தகமோ இருபதைத் தாண்டிப் போய்ச் சுகமாக முடிகிறது. படத்தில் கடைசிக் காட்சி இதுதான்: லாண்டரிக்காரன் துணிக் கட்டோடு மாடியேறி, அவள் கதவைத் தட்டக் கையை ஓங்குகிறான். முற்றும். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஓங்கின கையை எறக்கல. அவனுக்கு உங்களைவிட மோசமாத் தோள் இறுகிப் போயிருக்கும். யாராவது இங்க கூட்டிட்டு வந்தா நானே சரி பண்ணிடுவேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அடுத்த வாக்கியத்தில் சூடு ஏறிவிடும். "கூட்டம் வரலையாம். கதையில சண்டை இல்லையாம். யாரும் பறக்கலையாம். பறக்கிறவனுக்குத்தான் ரெண்டாவது பாகம், மூணாவது பாகம். பட்டன் தெக்கிறவனுக்கு இல்ல. பாதியில விட்டுட்டுப் போறதுக்கு எதுக்குய்யா ஆரம்பிச்சீங்க?"

"அதான் புத்தகம் முழுசா இருக்கே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என் தோளை விட்டுவிட்டு எதிரே வந்து நின்றார். "எழுத்தாளரே, புஸ்தகத்துல பியானோ ஊமை. கட்டையைத் தட்டுற விரல் தெரியும், சத்தம் கேக்காது. இவ எப்படி வாசிச்சிருப்பான்னு நானாவே நெனச்சுக்கணும். எனக்கு சங்கீதம் தெரியாது. என் நெனப்புல அவ தப்புத் தப்பா வாசிக்கிறா. பாவம் இல்லையா?"

கேட்டுவிட்டு மறுபடி என் தோளுக்குத் திரும்பினார்.

ஆண்டுக்கொரு முறை அந்தப் படக் கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுவார். கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துத் தரும். அதில் என்ன போகிறது என்பது அவருக்கே தெரியாது. "ஒருவேளை 'உங்க முட்டி நல்லா இருக்கா'ன்னு போயிருக்கும்" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாள் பக்கத்து எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர். ஒடிசலான உருவம், ஓங்கிய குரல். "எனக்கொரு சக்களத்தி இருக்கா, பேப்பர்ல. சோறும் கேக்கிறதில்ல, சேலையும் கேக்கிறதில்ல, அதனால விட்டு வெச்சிருக்கேன். இந்த மனுஷனை எலும்பு வரைக்கும் படம் புடிச்சுப் பார்த்தாச்சு, இந்தக் கிறுக்கு எந்த எடத்துல இருக்குன்னு மட்டும் தெரியல."

நான் வருவதற்கு முன் ஒருநாள் செல்போனில் சேதி ஒன்று வந்து, கூடமே அல்லோலகல்லோலப்பட்டதாக டிரைவர் அண்ணன் சொன்னார். 'நீராவியும் சுருதியும்' மீண்டும் திரைக்கு வருகிறதாம். மாஸ்டர் நீலப் பந்தைத் தூக்கிக் கூரைக்கு எறிந்தாராம். எக்ஸ்ரே அறைக்குள் ஓடி, படம் பிடிக்க அசையாமல் படுத்திருந்த நோயாளியிடமும் சொன்னாராம். குறித்த நாளில் எல்லாரும் அவர் செல்போனைச் சுற்றி நின்றார்கள். வந்தது துணி துவைக்கிற தூளுக்கு அரை நிமிட விளம்பரம். லாண்டரிக்காரனும் பியானோக்காரியும் தோளோடு தோள் நின்று, பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிப் புன்னகைத்தார்கள்.

"கடைசி வரைக்கும் கதவைத் தட்டாமலே உள்ள போயிட்டான், சோப்புத்தூளோட" என்றாராம் டிரைவர். யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. மாஸ்டர் மட்டும் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு மறுபடியும். "பரவால்ல. அதே குரல்தான் பேசுறாங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மழைக்காலத் தொடக்கத்தில் பேக்கரிம்மா வந்தார். மகள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக்குச் சேதமில்லை, ஆனால் பேச அவருக்கு விருப்பமில்லை. ஊர் எழுமுன்னே எழுந்து மாவு பிசைந்து ரொட்டி சுட்ட கை, மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. முதல் நாள் மாஸ்டர் அந்தக் கையில் பயிற்சி ரப்பர் உருண்டை ஒன்றை வைத்து, "பிசைங்கம்மா, உங்களுக்குப் பழக்கப்பட்ட வேலைதான்" என்றார். அந்த அம்மாள் அதைக் குனிந்து பார்த்தார். "இது மாவா? மாவை இப்படிக் கேவலப்படுத்தாத தம்பி." அவ்வளவுதான். கட்டிலில் படுத்து முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் கெஞ்சினாள். "விட்டுடும்மா. இருக்கப் போற காலத்துக்கு ஒரு கை போதும்."

மாஸ்டர் கெஞ்சவில்லை. அவருக்குக் கதையும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த டிரைவருக்குச் சொன்னார். அதுவும் முதல் புத்தகத்திலிருந்து, புதிதாக. "எனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே மாஸ்டர்" என்று டிரைவர் வாய் திறக்க, அவருடைய புது முட்டியை மாஸ்டர் இன்னும் கொஞ்சம் மடக்க, "ஆ... சொல்லுங்க சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார் டிரைவர்.

ஓரிரு வாரம் இப்படியே போனது. ஒருநாள் டிரைவர் வரவில்லை. மாஸ்டர் வாயே திறக்காமல் பேக்கரிம்மாவின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று சுவரிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பொண்ணு கோட்டைத் திரும்ப வாங்கிட்டுப் போச்சா, இல்லையா?"

"அண்ணன் வரட்டும்மா. அவருக்குத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"அவன் கெடக்கிறான். எனக்குச் சொல்லு."

"சுவத்துக்குக் கதை சொல்லிப் பழக்கம் இல்லம்மா. இந்தப் பக்கம் திரும்பினா சொல்றேன்."

பிறகு வலது கையால் கட்டில் விளிம்பைப் பற்றி, இடுப்பை இழுத்து, முனகி, மாஸ்டரையும் அவர் பரம்பரையையும் முணுமுணுப்பாக வைதுகொண்டே பேக்கரிம்மா திரும்பிப் படுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "மூச்சை அடக்காதீங்க எழுத்தாளரே" என்றார் மாஸ்டர், என்னைத் திரும்பியும் பாராமல்.

அதற்குப் பிறகு கூடத்தில் கதைக்கு அந்த அம்மாள்தான் எஜமானி. நாயகி தாமதித்தால் "இவளுக்கு என்ன கேடு?" என்பார். நாயகன் தயங்கினால் "இவனை எங்க அடுப்படியில ஒரு வாரம் விடணும், சுறுசுறுப்பு தானா வரும்" என்பார். லாண்டரிக்காரனின் அப்பாவைத்தான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பெரியவர் மகனைத் திட்டிக்கொண்டே அவனுக்குப் பின்னால் இருந்து காதலை நகர்த்துகிறவர். பியானோக்காரியின் கோட்டுப் பட்டனை ராத்திரியோடு ராத்திரியாகத் தளர்த்தி வைத்து, அவளை மறுபடி வரவழைப்பவர். "மனுஷன்னா இவன் மனுஷன்" என்று பேக்கரிம்மா சிரித்தபோது உதட்டின் இடது கோடியும் லேசாக ஏறியது. மாஸ்டர் அதைக் கவனித்ததையும், கவனிக்காததுபோல் திரும்பிக்கொண்டதையும் நான் பார்த்தேன். நாற்காலி போய் நான்கு கால் ஊன்றுகோல் வந்தது. உருண்டையையும் பிசைந்தார், மாவு என்று மட்டும் ஒப்புக்கொள்ளாமல்.

ஒரு காலை, எக்ஸ்ரே அறை வாசலில் மாஸ்டரும் மனைவியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மாஸ்டர் என்னையும் பஞ்சாயத்துக்கு இழுத்தார். "நீங்க சொல்லுங்க. அடுத்து பதிமூணாம் புஸ்தகம். அதுல பெரியவர் விழுந்துடுறார். இஸ்திரி மேசை மேலயே. பக்கவாதம். கடைசியில பொழைக்கிறதில்ல."

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் பேக்கரிம்மா ஊன்றுகோலைப் பிடித்துத் தன்னைத்தானே முறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தாண்டிப் போயிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மனைவி.

"ஒரு வரிகூட நான் இதுவரைக்கும் மாத்தினதில்ல."

"கதை பெருசா, ஆள் பெருசா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே விடைதான் இருக்க முடியும். அன்று மாஸ்டர் பெரியவரைக் கடலோர ஊரிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ரயிலேற்றிவிட மகன் போனான், குடை கொடுத்தான், பெரியவர் கையசைத்தார். "நல்லதாப் போச்சு. வயசான காலத்துல காத்து வாங்கட்டும்" என்றார் டிரைவர். பேக்கரிம்மா உருண்டையைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என் கட்டிலுக்கு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் கையைத் தூக்கினார். அன்றுதான் என் தோள் எவ்வளவு வலிக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

அதன்பின் சில நாட்கள் கதை ஓடியது. ஆனால் இஸ்திரி சூடாகவில்லை. மாஸ்டர் பெயர்களை மாற்றிச் சொன்னார், நடந்ததையே திரும்பச் சொன்னார். பேக்கரிம்மாவின் இடது கை விரல்கள் மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாக உயிர் பெற்றுவந்தன. அந்த ஒன்றில் மாஸ்டருக்குப் பெருமை. "உருண்டை வேலை செய்யுது பாத்தீங்களா" என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை, பேக்கரிம்மா ஊன்றுகோலை ஊன்றித் தானாகவே நடந்து உள்ளே வந்தார். பின்னால் மகள், கையில் துணிப்பை. அந்த அம்மாள் பயிற்சி மேசை முன் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார். அட்டையில் மழை, லாண்டரி, மூடிய கதவு. பதிமூன்றாம் புத்தகம்.

மாஸ்டரின் முகம் வெளுத்துப்போனது.

"வியாழன்லேருந்து திங்கள் வரைக்கும் காத்திருக்க முடியல தம்பி. பொண்ணுகிட்டச் சொல்லி எல்லாத்தையும் வரவழைச்சேன். படத்தைப் பார்த்தாலே பாதி புரியுது, மீதி இங்கிலீஷை அவ படிச்சுச் சொல்றா. கருமம், இடது பக்கமிருந்துல்ல தாளைத் தள்ள வேண்டியிருக்கு? வலது கையால புஸ்தகத்தைப் புடிச்சுக்கிட்டு, இந்தச் செத்த கையாலதான் புரட்டுறேன். உன் உருண்டையில ஒண்ணும் இல்ல."

டிரைவர் சிரிக்கத் தொடங்கி, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"பெரியவர் எந்த ரயிலும் ஏறல" என்றார் பேக்கரிம்மா.

"அம்மா... நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு அந்தக் கம்பெனிக்காரனை என்னமா வைவ. நீ செஞ்சது என்ன? அவனாவது கூட்டம் வரலன்னு நிறுத்தினான். நீ எதுக்கு நிறுத்தின? பெரியவர் செத்தது கதை. கெழவி தாங்க மாட்டான்னு பயந்தது நீ."

மாஸ்டர் தலை குனிந்து நின்றார். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் நிற்பதுபோல் இருந்தது.

"சரி, சாவை மறைச்ச. போகட்டும். அந்தக் கைக்குட்டையையும்ல சேத்து மறைச்சிட்ட?" அந்த அம்மாளின் குரல் முதன்முறையாக உடைந்தது. "விழுந்ததுக்கு அப்புறம் அந்த மனுஷன் எவ்வளவு செஞ்சார். எனக்குச் சொல்ல வேண்டியதே அதுதானேப்பா. அதை விட்டுட்டு வேற என்னத்தைச் சொன்ன நீ எனக்கு?"

எக்ஸ்ரே அறையிலிருந்து மனைவி வந்து கதவோரம் நின்றார்.

"உக்காரு. இப்பச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, உள்ளபடி சொல்லு. நான் பாட்டுக்குக் கையை நகத்திக்கிட்டுக் கேக்கிறேன்."

மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் இடது கையை வைத்து, முன்னால் தள்ளித் தள்ளிப் பழகுவது அந்த அம்மாளின் அன்றாடப் பயிற்சி. மேசையின் பாதியை அந்தத் துண்டு ஒருநாளும் தாண்டியதில்லை. மாஸ்டர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பெரியவர் விழுந்ததைச் சொன்னார். கருகுகிற சட்டையின் வாசனையைச் சொன்னார். பிழைத்து எழுந்த பெரியவர், இனி இஸ்திரி தொடக் கூடாது என்றானபின், தினமும் காலையில் ஒரே ஒரு கைக்குட்டையை ஒற்றைக் கையால் மடிக்கத் தொடங்கியதைச் சொன்னார். முதல் நாள் அது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. மகன் அதை ரகசியமாகத் திரும்ப மடிக்கப் போக, "தொடாதே, அது என் வேலை" என்று பெரியவர் சீறினார். நாள் போகப் போக ஒரு மூலை சேர்ந்தது. பிறகு இன்னொன்று. வசந்தம் வந்த ஒரு காலையில் மூலைக்கு மூலை சரியாக, கடையில் மடித்ததுபோல ஒரு கைக்குட்டை. பெரியவர் அதை மகனின் சட்டைப் பையில் செருகி, "போய் அவ பேரையாவது கேளுடா, மடையா" என்றார். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேல அந்தப் பொண்ணு அன்னைக்குப் பியானோவைத் திறக்கல. மறுநாளும் திறக்கல. அதுக்கடுத்த நாள் திறந்தா. அப்ப ஒரு பக்கம் முழுக்க வேற ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு கட்டை. அதை அமுக்குற ஒரு விரல். கீழ பெரியவரோட இஸ்திரிப் பெட்டி சும்மா ஆறிப்போய் இருக்கு. அது போடுமே ஒரு சத்தம், அந்தச் சுருதியை இவ மேலேருந்து... அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு..." மாஸ்டர் நிறுத்தினார். "எனக்குத் தெரியலம்மா. எத்தனை தடவை படிச்சும் எனக்கு அது கேக்கல."

அழுதுவிட்டார். சத்தம் இல்லாமல், அந்த அலமாரி உடம்பு முழுவதும் குலுங்க. டிரைவர் மிதிப்பதை நிறுத்தியிருந்தார். மனைவி கதவோரத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார்.

பேக்கரிம்மா மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டின்மேல் இருந்த இடது கை அசைந்தது. விரல்கள் துணியைச் சுருட்டிப் பிடித்தன. கை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. மேசையின் பாதியைத் தாண்டியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டு மெல்ல மெல்ல ஊர்ந்து, மேசையின் மறுவிளிம்புக்கு, மாஸ்டரின் கைக்கருகே வந்து சேர்ந்தது.

"தொடச்சுக்கோ தம்பி" என்றார் பேக்கரிம்மா.

முட்டி மாஸ்டர் கலங்கிய கண்களால் துண்டைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். கையிலிருந்து தோள்வரை ஒருமுறை பார்வையை ஓட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைக்காமலே எழுந்து, துண்டு தன்னிடம் வர அந்தக் கை இன்னும் ஒரு சாண் நீள வேண்டும்படி, தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.